அன்சுவை விசாரிக்கப் போனது

ஷார்ஜாவில் ஜெய்னியின் மாமியார் பெட்டி கட்டிக்கொடுத்த சீரைப் பார்த்தால் சின்னக் குழந்தைக்குக்கூட விஷயம் விளங்கியிருக்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மருமகளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து நீட்டியறியாத மனுஷி, முந்தின நாள் முழுக்க அடுப்படியில் நின்று அச்சப்பம் சுட்டாள், குழலப்பம் சுட்டாள், மாட்டிறைச்சி ஊறுகாயை எண்ணெய் கசியாதபடி பைக்குள் பை போட்டுக் கட்டினாள். எல்லாம் ஜார்ஜியாவில், திபிலீசியில் டாக்டருக்குப் படிக்கும் அன்சுவுக்கு. அன்சு, ஜெய்னியின் பள்ளிக்கூடத்துச் சிநேகிதி. மாமியார் அவளை நேரில் பார்த்ததுகூடக் கிடையாது.

மாமியாரின் இளைய மகன் டிபின் அயர்லாந்தில் இருக்கிறான். அவனுக்கு டாக்டர் பெண்தான் வேண்டும் என்று அவள் ஒரே பிடியாக நின்றாள். கோட்டயத்துத் தரகர் அனுப்பிய படங்களில் ஒன்று அன்சுவுடையது. குடும்பம் சரி, சபை சரி, படிப்பு சரி, நிறமும் சரி. ஆனால் பெண்ணை விசாரிக்காமல் அவர்கள் பக்கத்தில் யாரும் அடுத்த அடி வைப்பதில்லை. கன்னியாஸ்திரீகளிடம் விசாரிப்பார்கள், பக்கத்து வீட்டில் விசாரிப்பார்கள், பால் ஊற்றுகிறவனைக்கூட விட மாட்டார்கள். இந்தப் பெண் இருப்பதோ வேறொரு தேசத்தில். அங்கே போய் யாரைக் கேட்பது என்று மாமியார் தவித்துக்கொண்டிருந்தபோதுதான் ஜெய்னி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

"இவளை எனக்குத் தெரியும் மம்மி. ஒரே பெஞ்சுல உக்காந்து படிச்சோம்."

அன்றைக்கு மாமியார் அவளை நிமிர்ந்து பார்த்த பார்வை ஜெய்னிக்குப் புதிது. அந்த வீட்டில் அவள் நாற்காலி மேசையோடு ஒன்றாகத்தான் இருந்தாள். இன்னும் பிள்ளை இல்லை, கொண்டுவந்த நகையும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை, வேலையும் பகுதி நேரம். குடும்பத்து ரகசியம் எதுவும் அவள் இருக்கும்போது பேசப்பட்டதில்லை. இப்போது முதல்முறையாக மாமியார் கட்டிலில் பக்கத்தில் உட்காரவைத்துக் கதவையும் சாத்தினாள்.

"எதையும் நேராக் கேக்காத. ஊர் சுத்திப் பாக்கற மாதிரி சுத்து. ரூம்ல யார் யார் இருக்காங்க, பையன் எவனாவது வந்து போறானா, குடிக்கிற பழக்கம் உண்டா, எல்லாம் பாரு. ஆனா முக்கியமானது வேற. அந்தப் பொண்ணு ஒடம்புல எங்கயோ வெள்ளைத் திட்டு விழுந்திருக்குன்னு ஒரு சிஸ்டர் சொன்னாங்க. முகத்துல இல்ல, கையில இல்ல, துணிக்குள்ள. அது இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியணும்."

"அதை நான் எப்படி மம்மி பாக்கறது?"

"பொம்பளைக்குப் பொம்பளை. இதையும் நான் சொல்லித் தரணுமா? பொண்ணு வீட்டுக்கு இன்னும் நாம யாருன்னே தெரியாது. தெரியவும் வேணாம்."

கணவன் ஜோபி சோபாவில் போனை நோண்டிக்கொண்டே, "போயிட்டு வாயேன், உனக்கும் ஊரு பாத்த மாதிரி ஆச்சு" என்றான். பாத்ரூம் குழாயை மாற்றும் விஷயத்தில்கூட இதைவிட அதிகமாக அவன் கவலைப்பட்டதுண்டு. ஈத் விடுமுறைக்கு வளைகுடா மலையாளிகள் குடும்பம் குடும்பமாக ஜார்ஜியாவுக்குப் போவது வழக்கம்தான். மருமகளைத் தனியாக அனுப்பிய குடும்பம் அநேகமாக இவர்களுடையதாகத்தான் இருக்கும்.

விமான நிலையத்தில் அன்சு ஓடிவந்து கட்டிக்கொண்டாள். பழைய அன்சுதான். பள்ளிக்கூடத்தில் இருந்த அதே வாய், அதே சுருட்டைமுடி. கழுத்துவரை மூடின கம்பளிச் சட்டை போட்டிருந்தாள். வெளியே குளிர் அப்படியொன்றும் இல்லையே என்று ஜெய்னியின் கண் உடனே அந்தக் கழுத்துக்குப் போனது. போனதுமே அவளுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. வந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் வேலையைத் தொடங்கிவிட்டாள்.

"உன்னைத் தனியா எப்படிடி விட்டாங்க?" என்று பஸ்ஸில் அன்சு கேட்டாள். "கோட்டயத்துக்கு டிரெயின்ல தனியாப் போறதுக்கே உங்க மம்மி உன் தலைமேல சத்தியம் வாங்குவாங்கன்னு போன்ல அழுதியே."

"இப்ப எல்லாம் மாறிட்டாங்க."

"மம்மிங்க மாறி நான் பார்த்ததில்ல. மெடிக்கல்லயும் அப்படி ஒரு கேஸ் படிச்சதில்ல."

அன்சு இருந்தது வர்கெத்திலி பக்கத்தில், சோவியத்காரர்கள் கட்டி வண்ணம் பூசாமல் விட்டுப்போன ஒன்பது மாடிக் கட்டிடத்தில். லிஃப்ட் காசு போட்டால்தான் ஏறும். மாடி நடுவில் நின்றுவிட்டால் கதவை எட்டி உதைக்க வேண்டும், அன்சு அதைப் பழகின கையாக, அல்ல, பழகின காலாகச் செய்தாள். கூட இருக்கும் திருச்சூர்ப் பெண் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தாள். அன்சு டீ போடப் போனதும் ஜெய்னி பிரிட்ஜைத் திறந்தாள். முட்டை, தயிர், திருச்சூர்க்காரி பெயர் எழுதி ஒட்டிய நெய் பாட்டில். பாத்ரூமில் ஆண்பிள்ளையின் ஷேவிங் சாமான் ஏதும் இல்லை. கட்டிலடியில் செருப்பு, புத்தகம், ஒரு கிழிந்த குடை. ஜெய்னி குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு மாமியாருக்குக் குரல் பதிவு அனுப்பினாள்: "பையன் யாரும் இல்ல மம்மி. குடியும் இல்ல." பதில் உடனே வந்தது: "நான் கேட்டது?"

அச்சப்பம் டப்பாவைத் திறந்த அன்சு ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தாள்.

"இது உங்க மம்மி கையா?"

"ஆமா. உனக்குன்னே சுட்டாங்க."

"என்னை யாருன்னே தெரியாதே அவங்களுக்கு."

"நான் சொல்லியிருக்கேன்ல, என் ஃபிரண்டுன்னு."

"நல்லா இருக்கு" என்றாள் அன்சு. "அளவாச் சக்கரை. எல்லாத்தையும் அளந்து பாக்கறவங்க போல."

அன்றைக்கு மத்தியானம் முழுக்கச் சுற்றினார்கள். சுரங்க ரயிலுக்கு இறங்கும் நகரும் படியில் நின்றால் அடிவாரம் கண்ணுக்குத் தெரியாது. ஜெய்னி பயந்து அன்சுவின் பையைப் பிடித்துக்கொண்டாள். பாலத்தடிப் பழைய சாமான் சந்தையில் கிழவிகள் தங்கள் செத்துப்போன கணவன்மாரின் பதக்கங்களையும் பீங்கான் கோப்பைகளையும் துணி விரித்து விற்றார்கள். காதில் மஞ்சள் பட்டை மாட்டிய தெருநாய் ஒன்று கூடவே வந்தது. அன்சு அதற்கு "தரகர்" என்று பெயர் வைத்தாள்.

"கூப்பிடாமலே வருது, போற எடமெல்லாம் மோந்து பாக்குது, கடைசியில எதாவது கிடைக்கும்னு நம்புது. வேற என்ன பேர் வெக்கறது?"

ஜெய்னி சிரித்தாள். பிறகு நாயைப் பார்க்காமல் நடந்தாள்.

சியோனி தேவாலயத்துக்குள் போகும்போது இருவரும் தலையில் துணி போட்டுக்கொண்டார்கள். சாம்பிராணி மணம் ஊர்க் குர்பானாப் பூசையை அப்படியே கண்முன் கொண்டுவந்தது. ஜெய்னி ஒரு மெழுகுவத்தி ஏற்றி, டிபின் விஷயம் எப்படியாவது நல்லபடி முடியட்டும், என் கையால் யாருக்கும் கெடுதல் வேண்டாம் என்று வேண்டிக்கொண்டாள். இரண்டையும் ஒன்றாக எப்படி நடத்துவது என்பதைக் கடவுள் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டாள். வெளியே முற்றத்துக் கல்லில் உட்கார்ந்தபோது அன்சு மறுபடி கேட்டாள்.

"ஜெய்னி, உண்மையைச் சொல்லு. என்னைப் பாக்கவா வந்த?"

"பின்ன யாரைப் பாக்க? இந்த ஊர்ல எனக்கு வேற யாரு இருக்கா?"

"வேற எதாவது இருந்தாலும் சொல்லலாம். நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

"வேற ஒண்ணும் இல்லடி. உன்னைப் பாக்கத்தான் வந்தேன்."

அன்சு எழுந்து பாவாடையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டு, "சரி. நாளைக்குக் குளிக்கப் போவோம். கந்தகக் குளியல். இங்க வந்துட்டு அது இல்லாமப் போனா வந்ததுக்கே அர்த்தமில்ல" என்றாள்.

ஜெய்னிக்கு நம்பவே முடியவில்லை. எப்படி இந்தப் பேச்சை எடுப்பது என்று ராத்திரியெல்லாம் மண்டையைக் குடைந்துகொள்ள இருந்தவளுக்கு, அதுவாகவே மடியில் வந்து விழுந்தது. மெழுகுவத்திக்கு இவ்வளவு சீக்கிரம் பலனா என்றுகூட நினைத்தாள்.

குளியல் வீடுகள் பழைய ஊரில், தரையோடு தரையாகச் செங்கல் குவிமாடங்களுக்கு அடியில் இருக்கின்றன. தெரு முழுக்க அழுகின முட்டை நாற்றம். தனி அறை எடுத்தார்கள். ஜெய்னி தன் பையிலிருந்து பூப்போட்ட காட்டன் நைட்டியை எடுத்து மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். மலையாளத்துப் பெண் எங்கே போனாலும் நைட்டி கூடவே போகும், வெந்நீர்த் தொட்டிக்குள்ளும் போகும். துண்டு கொண்டுவந்த தடித்த அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்து ஏதோ சொல்லிவிட்டுப் போனாள்.

"என்ன சொல்றா?"

"தபால்காரன் வந்தாலும் வருவான்னு ரெடியா இருக்கியான்னு கேக்கறா. கழட்டுடி. இங்க யாரும் உன்னைப் பாக்கப் போறதில்ல. நானும் பாக்க மாட்டேன்."

அன்சு தன் கம்பளிச் சட்டையைக் கழற்றினாள். உள்ளே போட்டிருந்ததையும் கழற்றினாள். ஆணியில் எல்லாவற்றையும் ஒழுங்காக மாட்டினாள். பிறகு அவசரமே இல்லாமல், குவிமாடத்துத் துளை வெளிச்சம் விழுகிற பக்கமாக, முதுகைக் காட்டித் திரும்பி நின்று தலைமுடியைத் தூக்கிக் கட்டினாள்.

இருந்தது. இடது விலாவுக்குக் கீழே தொடங்கி, இடுப்பை வளைத்துக்கொண்டு முதுகின் பாதிவரை. தரையில் பால் சிந்தினால் ஓரம் நெளிந்து நிற்குமே, அப்படி. ஜெய்னி கண்ணைத் திருப்பிக்கொண்டாள். பார்க்கத்தான் வந்தாள், பார்த்தாகிவிட்டது. இப்போது எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"முதுகு தேச்சு விடறியா?" என்று அன்சு சொரசொரப்பான கையுறையை நீட்டினாள்.

ஜெய்னி அந்த வெள்ளையின் ஓரத்தைத் தொடாமல் சுற்றிச் சுற்றித் தேய்த்தாள்.

"அழுத்தித் தேய். ஒண்ணும் உதிராது. பன்னெண்டாவது முடிச்ச வருஷம் வந்தது. வலிக்காது, அரிக்காது, யாருக்கும் ஒட்டாது. எங்க புஸ்தகத்துல இதுக்கு அரைப் பக்கம்தான். எங்கம்மா அதுக்கு அழுததை எழுதினா அலமாரி பத்தாது."

"வீட்டுல... மத்தவங்களுக்குத் தெரியுமா?"

"முன்னாடி ரெண்டு சம்பந்தம் வந்தப்ப அப்பாவே மனசு கேக்காமச் சொல்லிட்டாரு. ரெண்டு பேரும் டீ குடிச்ச கையோட போனாங்க. இப்பத் தரகர் அவரு வாயை அடைச்சு வெச்சிருக்காரு. இனிமே யாருகிட்டயும் சொல்லக் கூடாதாம்." வெந்நீரில் இறங்கிக் கழுத்துவரை அமிழ்ந்தாள். "உனக்கு யாருகிட்டயாவது சொல்லணும்னு தோணினா சொல்லு ஜெய்னி. சொல்லாதன்னு நான் கேக்க மாட்டேன்."

எவ்வளவு பெரிய மனசு என்று ஜெய்னிக்குக் கண் கலங்கியது. ஆவியில் அது யாருக்குத் தெரியப்போகிறது. நைட்டி தண்ணீரில் பலூனாக உப்பிக்கொண்டு மேலே வந்தது, அதை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அந்தத் தொட்டிக்குள் உட்கார்ந்திருந்தபோது அவளுக்குத் தன் கதை ஞாபகம் வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தாள். ஒரு நாள் ஒரு அம்மாள் வந்து கைப்பையைக் கீழே போட்டுப் போட்டு, "கொஞ்சம் எடுத்துக் கொடும்மா" என்று அவளைக் குனிய வைத்தாள், மாடிப்படி ஏறி இறங்க வைத்தாள், மூக்குக்கண்ணாடி இல்லை என்று சொல்லி மருந்துச் சீட்டைப் படிக்க வைத்தாள். அது ஜோபியின் அத்தை. பெண்ணுக்கு இடுப்பில் கோளாறு உண்டா, கண்ணில் கோளாறு உண்டா என்று பார்க்க வந்தவள். கல்யாணம் முடிந்த பிறகு ஒவ்வொரு விருந்திலும் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஜெய்னியும் கூடச் சேர்ந்து சிரித்தாள். மாட்டுச் சந்தையில்கூட மாட்டுக்காரனிடம் கேட்டுவிட்டுத்தான் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். இத்தனை நாள் வராத கோபம் கந்தகத் தண்ணீரில் வந்தது.

வெளியே வந்து ஆற்றங்கரைக் கடையில் அன்சு கிண்காலி வாங்கிக் கொடுத்தாள். இறைச்சியும் சாறும் உள்ளே வைத்து மடித்த கொழுக்கட்டை. ஜெய்னி கத்தியால் வெட்டிச் சாறு முழுவதையும் தட்டில் கொட்டிவிட்டுத் திட்டு வாங்கினாள். இருவரும் பள்ளிக்கூடத்தில் சிரித்த மாதிரி சிரித்தார்கள். இவளுக்காக ஒன்றே ஒன்று செய்துவிட வேண்டும் என்று ஜெய்னி தீர்மானித்துக்கொண்டாள்.

சாயங்காலம் அன்சு கீழே ரொட்டி வாங்கப் போயிருந்தபோது மாமியார் கூப்பிட்டாள்.

"பாத்தியா?"

"பாத்தேன் மம்மி. குளிக்கப் போயிருந்தோம்."

"என்ன?"

"ஒண்ணும் இல்ல. சுத்தமா இருக்கா. அந்த சிஸ்டர் வேற யாரையோ நினைச்சுச் சொல்லியிருக்காங்க."

"முழுக்கப் பாத்தியா?"

"முழுக்கப் பாத்தேன்."

போனை வைத்தாள். பிறகு மெல்ல மெல்ல ஒரு நிறைவு வந்தது. பிறந்ததிலிருந்து தன் விருப்பத்துக்கு அவள் செய்த முதல் காரியம் இதுவாகத்தான் இருக்கும். அன்சுவிடம் சொல்லிவிடலாமா என்று யோசித்தாள். சொன்னால் வந்த காரியத்தையும் சொல்ல வேண்டியிருக்கும். கல்யாணத்தன்றைக்குச் சொல்லிக்கொள்ளலாம், அப்போது இரண்டு பேரும் ஒரே வீட்டு மருமகள்களாக இருப்போம், சேர்ந்து சிரிக்கலாம் என்று ஒத்திப்போட்டாள். ஒரே பெஞ்சில் இருந்தவர்கள் ஒரே அடுப்படியில் இருப்பார்கள். நினைக்கவே இனித்தது.

மறுநாள் காலையில் நைட்டி இன்னும் காயவில்லை. ஜெய்னி அதைப் பிழிந்து பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்து அறையில் அன்சு போனில் பேசுவது கேட்டது. "சரிப்பா" என்றாள். மறுபடியும் "சரிப்பா" என்றாள். கதவைத் திறந்துகொண்டு அவள் உள்ளே வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன சொன்ன நீ உங்க மம்மிகிட்ட?"

ஜெய்னியின் கை நின்றது. "எதை?"

"நடிக்காத. ஷார்ஜாவுலேருந்து ராத்திரியே எங்கப்பாவுக்குப் போன் வந்திருக்கு. பையன் அடுத்த மாசம் லீவுல வரானாம். மனசம்மத நிச்சயத்தைச் சர்ச்சுல அப்பவே வெச்சிக்கலாமாம். எல்லாம் பாத்தாச்சு, திருப்தின்னாங்களாம். எங்கப்பா அழறாருடி சந்தோஷத்துல. நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் இல்லன்னு சொன்னேன்." ஜெய்னி பையைக் கீழே வைத்தாள். "உனக்காகத்தாண்டி. நான் பாத்ததை நான் மறந்துட்டேன். என் உயிர் போனாலும் வாயத் தொறக்க மாட்டேன். உனக்கு... உனக்கு எப்பவே தெரியுமா?"

"நீ பிளேன் ஏறறதுக்கு முன்னாடியே தெரியும். அம்மாகிட்டத் தரகர் உளறிட்டாரு, பையனோட அண்ணி உன் பொண்ணுகூடப் படிச்சவன்னு. அச்சப்பம் டப்பாவைத் தொறந்தப்ப மிச்சமும் தெரிஞ்சுபோச்சு." அன்சு கட்டிலில் உட்கார்ந்தாள். "சர்ச் வாசல்ல உன்கிட்டக் கேட்டேன். ரெண்டு தரம் கேட்டேன். நீ அப்பவே உண்மையைச் சொல்லியிருந்தா, எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்டி, எதையாவது சொல்லிக் கெடுத்து விடுன்னு உன் கால்ல விழுந்திருப்பேன். நீ சொல்லல. சரி, வேவு பாக்கத்தான வந்திருக்கா, நல்லாவே பாக்கட்டும்னு வெளிச்சத்துல திரும்பி நின்னேன். வெக்கத்தை விட்டு நின்னேன்."

"வேணாமா?" என்றாள் ஜெய்னி. அது அவளுக்குத் தோன்றவே இல்லை. டிபினை ஒருத்தி வேண்டாம் என்று சொல்லக்கூடும் என்று அந்த வீட்டில் யாருக்குமே தோன்றியதில்லை.

"எனக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு இருக்கு. முடிச்சா நான் எங்க வேணாலும் போவேன், என் காலால. எங்கப்பாகிட்ட வேணாம்னு சொன்னா யாரு அவன்னு கேப்பாரு. எவனும் இல்லன்னா நம்ப மாட்டாரு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வேணாம்னா மட்டும் என் மேல பழி கிடையாது. அந்த ரெண்டு சம்பந்தத்தையும் விரட்டினது இந்த வெள்ளைதான். இதைப் பாத்து நான் என்னிக்கும் அழுததில்ல. எனக்கு ஒரே துணை இதுதான்."

"நான் உனக்கு நல்லது..."

"எது நல்லது? கல்யாணம் ஆகி ஒரே ராத்திரியில தெரிஞ்சுபோகும். மறைச்சுத் தலையில கட்டிட்டாங்கன்னு உங்க மம்மி பிஷப் வரைக்கும் போவாங்க. எங்கப்பா தலை நிமிந்து சர்ச்சுக்குப் போக முடியுமா? படிப்பும் போயிருக்கும், பேரும் போயிருக்கும்." அன்சுவின் குரல் உடைந்தது. "எனக்கு ஃபிரண்டு வேணும்னு இருந்தப்ப நீ வேவுக்காரியா இருந்த. வேவுக்காரி வேணும்னு இருந்தப்பப் போயி ஃபிரண்டா ஆயிட்டியே."

ஜெய்னி தரையைப் பார்த்தாள். பிளாஸ்டிக் பையிலிருந்து நைட்டித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அன்சுதான் முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எழுந்துவந்து ஜெய்னியின் இரண்டு கையையும் பிடித்தாள். கெஞ்சினாள், அந்த வாயாடி அன்சு.

"இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகல. நீ பிளேன் ஏறறதுக்குள்ள கூப்பிட்டுச் சொல்லு. அந்தக் குளிக்கிற எடத்துல ஒரே ஆவி, சரியாத் தெரியல, இன்னைக்குக் காலையில துணி மாத்தறப்ப எதேச்சையாப் பாத்தேன்னு சொல்லு. உன் மேல யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க. இன்னும் கவனமாப் பாத்திருக்கான்னுதான் நினைப்பாங்க. இதை மட்டும் எனக்குச் செய்."

"செய்யறேன்" என்றாள் ஜெய்னி. "சத்தியமாச் செய்யறேன்டி."

விமான நிலையப் பஸ் நிற்கும் இடத்துக்கு இருவரும் நடந்தார்கள். வழியில் அன்சு பள்ளிக்கூடக் கதைகளைப் பேசினாள். கெமிஸ்ட்ரி டீச்சரின் விக், மழைக்கால லீவு, ஜெய்னி பயந்து மூத்திரம் போன வாய்மொழித் தேர்வு. பேசிப் பேசி அவளுக்குத் தைரியம் கொடுக்கிறாள் என்று ஜெய்னிக்குப் புரிந்தது. நிறுத்தத்தில் பெட்டியை வைத்ததும் அன்சு, "நீ பேசு. நான் இருந்தா உனக்கு வராது. ரொட்டி வாங்கிட்டு வரேன், பிளேன்ல ஒண்ணும் தர மாட்டான்" என்று தெருவைக் கடந்து, தரையோடு இருந்த அடுப்புக்கடை ஜன்னலுக்குப் போனாள்.

ஜெய்னி போன் போட்டாள். சொல்ல வேண்டியதை மனசுக்குள் மூன்று தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஒரே ஆவி, சரியாத் தெரியல, காலையில எதேச்சையா. முதல் மணியிலேயே மாமியார் எடுத்தாள்.

"மம்மி, ஒரு விஷயம்..."

"இரு, நான் மொதல்ல சொல்றேன். நீ பத்திரமா வா மோளே. டாடிகிட்டச் சொன்னேன், ஜெய்னி இருந்ததால எல்லாம் நடந்துச்சுன்னு. ஜோபியோட அத்தை இருக்காளே, அவ இனிமே வாயைத் திறக்கக் கூடாது. அவளைவிட நீ கெட்டிக்காரி. கேக்கறியா? நகை எடுக்க ஊருக்குப் போறப்ப என்கூட நீதான் வரணும். வேற யாரையும் எனக்கு நம்பிக்கை இல்ல. உன்னை நான் இத்தனை நாளு சரியாப் புரிஞ்சுக்கல. ஏதோ சொல்ல வந்தியே, என்ன?"

தெருவுக்கு அந்தப் பக்கம் அன்சு ஜன்னலுக்குள் குனிந்து ரொட்டிக்காரனிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். ஒரு தரம் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

"ஜெய்னி? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன் மம்மி. ஒண்ணும் இல்ல. பிளேன் நேரத்துக்குக் கிளம்புதுன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"ஜோபி வந்து அழைச்சுக்குவான். சாப்பிடாம வராத."

"சரி மம்மி."

அன்சு காகிதத்தில் சுற்றின நீள ரொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தாள். சூடு தாங்காமல் கை மாற்றி மாற்றிப் பிடித்தாள். கேட்கப் பயந்துகொண்டே கேட்டாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. வெச்சிட்டாங்க."

அன்சு ரொட்டியைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள். "நீ செய்வேன்னு எனக்குத் தெரியும்டி. மன்னிச்சுக்க, காலையில என்னென்னமோ பேசிட்டேன். உன் கடனை நான் எப்படித் தீர்ப்பேன்" என்று தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டே இருந்தாள். ஜெய்னி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். பஸ் வரும்வரை தடவிக்கொடுத்தாள்.

பஸ் வந்தது. அன்சு ரொட்டியைப் பிய்த்துப் பெரிய பாதியை அவள் கையில் திணித்தாள்.

"ஆறினா கல்லாயிடும். இப்பவே சாப்பிடு" என்றாள்.

ஜெய்னி ஜன்னலோரம் உட்கார்ந்து, அன்சு கீழே நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாப்பிட்டாள்.